மரகதம் டீச்சரும் காசிமேட்டு முகங்களும்

சேதி வந்தபோது நான் ஏழாம் வகுப்புப் பெண்களுக்குக் காஜா எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் நின்று, "தையல் டீச்சர், நம்ம மரகதம் டீச்சர் காலையில தவறிட்டாங்களாம். திருவொத்தியூர்லேர்ந்து ஆள் வந்து கீறாரு" என்றார். சரி என்றேன். கையிலிருந்த காஜாவை முடித்து, நூலைக் கத்தரித்து, ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைத்திருக்காது.

இதை எழுதும் இன்று வரை நான் அழவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "மனசு விட்டு அழுதுடுங்க டீச்சர், இல்லேன்னா உடம்புக்கு ஆகாது" என்கிறார்கள். அழுகை என்ன, குழாயில் வரும் தண்ணீரா, நேரம் பார்த்துத் திறந்துவிட? பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அழுகை வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் மலர் அச்சேறிவிடும். அதனால் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரகதம் டீச்சர் ராயபுரத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்தின் சித்திர ஆசிரியை. சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சித்திரமும் தையலும் பரீட்சைக்கு உதவாத பாடங்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே அறையைக் கொடுத்திருந்தார்கள். மழைக்கு ஒழுகும் பக்கம் எனக்கு, வெயில் அடிக்கும் பக்கம் அவருக்கு. நெட்டையான உருவம். கையில் எப்போதும் ஆண்பிள்ளைக் குடை. டிராமிலிருந்து இறங்கி அவர் நடந்து வரும் வேகத்துக்குத் தெருநாய்கள் தாமாக ஒதுங்கும்.

மத்தியானம் ஆனால் துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள் காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படியும். நான் தைத்த வெள்ளைத் துணியை மூடி வைத்துவிட்டுப் புலம்புவேன். அவர் பிள்ளைகளைக் காகிதத்தை ஒரு தடவை ஊதச் சொல்லிவிட்டு வரையச் சொல்வார். அழிரப்பர் அவர் வகுப்பில் கிடையாது. "அழிக்காதே. தப்புக் கோட்டுக்குப் பக்கத்துல சரியான கோட்டைப் போடு. ரெண்டும் இருக்கட்டும், யாரு கேட்டா?" என்பார். தையலில் தப்பினால் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னால், "அதனாலதான் கோமதி, நீங்க எப்பவும் கோவமா இருக்கீங்க" என்று சிரிப்பார்.

அவருடைய கணவர் ரங்கூனில் ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்தவர். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்ததும் நடந்தே புறப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று யாரோ சொன்னார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் குங்குமத்தை வைக்கவும் இல்லை, வெள்ளை உடுத்தவும் இல்லை. நெற்றியில் சாந்தால் ஒரு சின்னப் புள்ளி, அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. நான் அதற்கு மேல் கேட்டதும் இல்லை.

சேர்ந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, பிள்ளைகளின் சித்திரங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்று ஆரம்பித்தார். அதுவரை சித்திர வகுப்பு என்றால் பூ ஜாடி, மாம்பழம், கூஜா. "இதுங்க வூட்டுல கூஜா ஏது?" என்று பிள்ளைகளின் பேச்சிலேயே கேட்டார். "வீட்டில் இருக்கும் ஒருவர் முகம்" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள். அப்பன் கட்டுமரத்தில் போவான், அம்மா கூடை தூக்குவாள். அவர்கள் கொண்டுவந்த முகங்களைப் பார்க்க நானும் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆறாம் வகுப்பில் பவுனு என்று ஒரு பெண், தன் அப்பா ஏழுமலையை வரைந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் சுருங்கிய கண்ணும் ஒரு பக்கம் ஒடிந்த பல்லும் அப்படியே இருந்தன.

ஓவியப் பள்ளியில் தமக்குச் சொல்லிக்கொடுத்தபடி டீச்சர் ஒவ்வொரு முகத்துக்கும் கறுப்புக் காகிதத்தால் ஓரம் ஒட்டினார். ஆள் உயரத்தில் வரிசையாகச் சுவரில் மாட்டினார். கண்காட்சியைத் திறந்து வைக்க ஒரு பிரமுகர் வருகிறார் என்று தலைமையாசிரியர் சாமந்திச் சரம் வாங்கிவரச் சொல்லி, படங்களுக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொங்கவிட்டார். கீழே குத்துவிளக்கு. பிரமுகர் விளக்கை ஏற்றினார். எல்லாரும் கை தட்டினோம்.

அப்புறம்தான் தாய்மார்களை உள்ளே விட்டார்கள். அன்று காற்று கொஞ்சம் பலம்; போன கட்டுமரங்களில் சில இன்னும் திரும்பவில்லை. பவுனுவின் அம்மா அஞ்சலை, மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தார். சுவரைப் பார்த்தார். கறுப்புக் கட்டத்துக்குள் புருஷன் முகம், மேலே பூச்சரம், கீழே எரிகிற விளக்கு. "இன்னாடி இது? உங்கப்பனை மாட்டி வெளக்கு வச்சிகீறாங்களே" என்று பவுனுவிடம் கேட்டதுதான் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டார். அடுத்த பெண் தன் புருஷன் முகத்தைப் பார்த்தார், அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடக் கூடம் முழுக்க மாரடித்து அழும் பெண்கள். பிரமுகர் பின்பக்க வழியாகப் போய்விட்டார். அந்த வீடுகளில் ஒருவர் முகம் மட்டும் சுவரில் ஏறினால் அவர் போய்விட்டார் என்று பொருள். உயிரோடு இருப்பவரை யாரும் அப்படி மாட்டமாட்டார்கள்.

ஏழுமலை பொழுது சாயக் கரை சேர்ந்தார். பாய் கிழிந்து தாமதமாகிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து தம் படத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் பார்த்தார். "மெய்யாலுமே நல்லாத்தான் கீது டீச்சர்" என்றார். "ஆனா நான் கடலுக்குப் போவணுமே." டீச்சர் தாமே எல்லாப் படங்களையும் கழற்றினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சித்திர வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பென்சிலைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர், ஆனால் மேலிடத்திலிருந்து கைத்தொழில் கைத்தொழில் என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நூல் நூற்கும் தக்ளிகள் ஒரு கோணி நிறைய ஏற்கெனவே வந்து எங்கள் அறை மூலையில் கிடந்தன. "மாசக் கடைசிக்குள்ள பிள்ளைங்க பென்சில் எடுக்கலேன்னா உங்க பீரியடு தக்ளிக்குப் போயிடும். நான் என்ன செய்யட்டும் அம்மா?" என்றார். பீரியடு போனால் சித்திர ஆசிரியை எதற்கு? டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, "கோமதி, வாங்க" என்றார்.

காசிமேட்டில் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. படித்தவர்கள் செய்கிற மாதிரி இது மூடநம்பிக்கை, இதில் ஒன்றுமில்லை என்று விளக்கம் சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அஞ்சலையம்மாவிடம் சொன்னது வேறு. "எங்க வீட்டுக்காரர் ரங்கூன்லேர்ந்து வரலை. அவர் படம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. டிரங்குப் பெட்டியிலேயே வச்சிருக்கேன், சுவத்துல மாட்டினதில்லை. மாட்டினா முடிஞ்சு போச்சுன்னு ஆயிடுமே. என் வீட்டுல தெரிஞ்சது எனக்குப் பள்ளிக்கூடத்துல தெரியாம போச்சு. தப்பு என்னுது."

அஞ்சலையம்மா ஒரு மணைக்கட்டையை எடுத்துப் போட்டு, "குந்துங்க டீச்சர்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அஞ்சலையம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "முகம் மட்டும் வேணாம். முழு ஆளா போடச் சொல்லு. காலு, கை, இடுப்புல துணி, கையில துடுப்பு. காலு கீறவன் எங்கியோ வேலை செஞ்சிகினு கீறான்னு அர்த்தம். அப்படின்னா வரையட்டும்." டீச்சர் அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் முகம் மட்டும் வரையாது என்றார்.

தக்ளிக் கோணி அறை மூலையிலேயே மட்கிப்போனது. அதன்பின் வருஷா வருஷம் கண்காட்சி நடந்தது. கட்டுமரம் போகாத நாளாக விசாரித்து வைப்பார், ஆண்களும் வரட்டும் என்று. வலை பின்னும் ஆள், ஐஸ் உடைக்கும் ஆள், பேசின் பிரிட்ஜ் பவர்ஹவுஸில் கரி அள்ளும் ஆள், தலையில் கூடையோடு ஓடுகிற பெண்கள், எல்லாரும் பாதத்தோடு சுவரில் நின்றார்கள். வந்தவர்கள் தங்கள் காலைத் தாங்களே பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். "எம் பாதம் இவ்ளோ கலீஜாவா கீது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "உங்க பொண்ணு மண்ணையும் சேர்த்து வரைஞ்சிருக்கா" என்றார் டீச்சர்.

பட்டணத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து நடக்கும் போட்டியில் கேடயம் முகச் சித்திரத்துக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் அவர் முழு ஆட்களையே அனுப்பினார். ஒவ்வொரு வருஷமும் வெறுங்கையோடு வந்தோம். ஒரு நடுவர் இவரைத் தனியே கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்களுக்குக் கால் வரையத் தெரியுது. எங்ககிட்ட படிக்கிற பெரிய பையன்களுக்கே வராது. ஒரே ஒரு முகம் அனுப்புங்களேன், கேடயம் உங்களுக்குத்தான்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். டீச்சர், "அது எங்க ஊர்ல முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். டிராமில் வரும்போது எனக்குத்தான் கொதித்தது. அவர் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார்.

கேடயம் போனால் போகட்டும். பவுனு விஷயம் அப்படி விட முடியாததாக வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பு முடித்த பிறகும் சாயங்காலங்களில் எங்கள் அறைக்கு வந்து வரைந்துகொண்டிருந்தாள். ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பம் போட்டோம். உயிருள்ள ஒருவரைப் பார்த்து வரைந்த முகம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று பதில் வந்தது. கழுத்துக்கு மேல் மட்டும், வேறு எதுவும் கூடாது. அவர்களுக்கு அவர்கள் விதி.

டீச்சர் காசிமேட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். வாக்கை மீறச் சொல்லிக் கேட்கவில்லை, இப்படி ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்றுதான் சொன்னார். அஞ்சலையம்மா தலையை ஆட்டினார். "எங்க ஜனத்துல ஒருத்தர் முகமும் தரமாட்டேன் டீச்சர். பொண்ணு படிக்காட்டியும் பரவால்ல." டீச்சர் சொன்னார்: "என் முகத்தை வரையட்டும். எனக்காகக் கரையில யாரும் காத்துக்கிட்டு இல்லை." அஞ்சலையம்மா வேண்டாம் என்றார். அது உங்களுக்கு ஆகாது என்றார். மகளையும் பார்த்தார். கடைசியில், "உங்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் அறையில் வெயில் பக்கமாக டீச்சர் மூன்று சாயங்காலம் அசையாமல் உட்கார்ந்தார். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். பவுனு வரைந்த முகம் அப்படியே அவர்தான். அதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சேர்ந்துவிட்டாள். அன்று டீச்சர் என்னிடம், "கோமதி, முகத்துல சுருக்கத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம் இந்தப் பொண்ணு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த முதல் வருஷப் படிப்பு முடிவதற்குள் இந்தச் சேதி வந்துவிட்டது. காபி போட அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மார்வலி அவருக்குப் பழசு. டாக்டர் எச்சரித்தே பல வருஷம் ஆகிறது. திருவொற்றியூர் வீட்டில் பெரியவர்கள் அவருக்குக் குங்குமம் இடுவதா கூடாதா என்று தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அக்கா யாரையும் கேட்காமல் பெரிதாக இட்டுவிட்டார். நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குங்குமம் அவருக்கு நன்றாக இருந்தது என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாடை எடுத்த பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், நானும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். அஞ்சலையம்மாவும் பவுனுவும் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து சில நாள் கழித்துப் பவுனு என் அறைக்கு வந்தாள். பென்சில், பலகை, காகிதம் எல்லாவற்றையும் துணியில் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். "இதை இங்க வச்சிக்குங்க டீச்சர். அம்மா இனிமே வேணாம்னுட்டாங்க. நான் வரைஞ்சதாலதான் டீச்சர் போயிட்டாங்களாம்." அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது அவள் கையை ஒளித்துக்கொண்ட விதத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. பல நாளைக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். மூட்டையை நானே தூக்கிக்கொண்டு, "நட" என்றேன்.

அஞ்சலையம்மா வீட்டு வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மார்வலி விவரத்தை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். "டாக்டர் சொல்றது டாக்டருக்கு" என்றார். "எங்க ஜனத்து முகம் வேணாம்னு சொல்லிட்டு அவங்க முகத்தை வாங்கிக்கினேனே டீச்சர். வேணாம்னு ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னேனா? பொண்ணு படிக்கணும்னு ஆசை. வாயை மூடிகினேன்." அவர் அழவில்லை. ஒரு காலத்தில் எங்கள் கூடமே அதிரும்படி அழுதவர் அவர். இப்போது கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்.

எனக்கு வாதம் செய்யத் தெரியாது. கயிற்றில் காய்ந்த வலையை ஒதுக்கிவிட்டு, கவிழ்ந்து கிடந்த கூடையின் மேல் உட்கார்ந்து, "பவுனு, மூட்டையைப் பிரி. என் முகத்தை வரை. எனக்கும் யாரும் இல்லை. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா உங்க அம்மாவுக்குத் தெரியட்டும்" என்றேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உட்கார்ந்ததும் கடல் பக்கம் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

பவுனு அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலையம்மா என்னைப் பார்த்தார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏந்திருங்க டீச்சர்" என்றார். "எம் பொண்ணு படிக்கிறதுக்கு ஊரு டீச்சருங்க ஒவ்வொருத்தரா வந்து குந்திகினே இருப்பீங்களா? ஏந்திருங்க."

என் தோளைப் பிடித்துக் கிளப்பிவிட்டு அந்தக் கூடையின் மேல் அவர் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார், மூக்குத்தியைச் சரி செய்தார். "போடுடி. காலு வேணாம், கை வேணாம். அவங்களுக்குப் போட்டியே, அதே மாதிரி போடு. ஆவுறது எனக்கு ஆவட்டும்."

பவுனு வெகுநேரம் பென்சிலை எடுக்கவில்லை. அவள் அம்மா காத்திருந்தார். "பல்லு தெரியணுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம்மா, சும்மா இரு என்றாள் பவுனு. பிறகு காகிதத்தை ஒரு தடவை ஊதிவிட்டு நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

மரகதம் டீச்சர், உங்களுக்கு நாங்கள் ஒழுங்காக விடை கொடுத்தது அன்று சாயங்காலம்தான் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். ஆடினால் படம் கெட்டுவிடும் என்று அஞ்சலையம்மா அழவில்லை. கண் மறைத்தால் கோடு தப்பும் என்று பவுனு அழவில்லை. கடல் காற்றில் காகிதம் தூக்காமல் நான் இரண்டு மூலையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். காகிதத்தில் சொட்டிவிடும் என்று நானும் அழவில்லை.